தலைமைத் திறப்பையும் மடிக்கணினிக்குக் கொண்டுபோக வேண்டுமா?

கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்; தவறாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். நீங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறீர்கள், மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டு நிறுவனங்கள் உங்களுக்கு ஆவணங்களை மறைகுறியாக்கிய மின்னஞ்சலில் அனுப்புகின்றன. அதற்கான திறப்பை, மின்னஞ்சலைப் பூட்டவும் ஒப்பமிடவும் பாவிக்கும் ஜிபிஜி என்ற மென்பொருளால், கோட்டையில் உள்ள அலுவலகத்து விண்டோஸ் கணினியில் உருவாக்கினீர்கள். அண்மையில் யூனிட்டி பிளாசாவில் பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கி, அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, எங்கோ வாசித்த வழிகாட்டியின்படி துணைத் திறப்புகளை, அதாவது சப்கீகளை, மட்டும் அதற்கு மாற்றியிருக்கிறீர்கள். இப்போது மடிக்கணினியில் பழைய மின்னஞ்சல்கள் திறக்கின்றன. ஆனால் பதில் எழுதி ஒப்பமிட முயன்றால் இரகசியத் திறப்பு இல்லை என்று மறுக்கிறது. பட்டியலில் முதல் வரியின் ‘செக்’ என்ற சொல்லை ஒட்டி ஒரு ஹாஷ் குறியும் நிற்கிறது. திறப்பு பழுதாகிவிட்டதா, மாஸ்டர் கீ எனப்படும் தலைமைத் திறப்பையும் கொண்டுவந்தால் சரியாகுமா என்பது நீங்கள் கேட்டது. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒப்பமிடல் ஏன் மறுக்கப்படுகிறது என்பது ஒன்று. தலைமைத் திறப்பு எந்தக் கணினியில் இருக்க வேண்டும் என்பது மற்றையது; இதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நிலைமையில் இதுதான் பெரியது.

முதலாவதற்குப் பதில் சொல்வது இலகு. எதுவும் பழுதாகவில்லை. ஒவ்வொரு திறப்பும் ஒரு சோடி: எல்லோருக்கும் கொடுக்கும் பொதுப் பாகமும், உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டிய இரகசியப் பாகமும். தலைமைத் திறப்பின் இரகசியப் பாகம் இந்தக் கணினியில் இல்லை என்பதை மட்டுமே ஹாஷ் குறி அறிவிக்கிறது. துணைத் திறப்புகளை மட்டும் ஏற்றுமதி செய்யும்போது ஜிபிஜி, தலைமைத் திறப்பு இருக்க வேண்டிய இடத்தில் உள்ளடக்கம் இல்லாத ஒரு பதிவை வைத்து அனுப்புகிறது. வழிகாட்டி சொன்னதும் அதைத்தான், நடந்ததும் அதுதான். ஒப்பமிட முடியாமல் போனதற்கு, ஒப்பமிடுவதற்கென்று ஒரு துணைத் திறப்பு உங்களிடம் இல்லாமல் இருப்பதே அநேகமாகக் காரணம். பட்டியலின் முதல் வரியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள் என்பதால்தான் ‘அநேகமாக’ என்கிறேன். உறுதிப்படுத்திக்கொள்ள, அலுவலகக் கணினியில் லிஸ்ட்-சீக்ரெட்-கீஸ் என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள். (கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதுகிறேன், தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்தில், முன்னால் இரண்டு சிறுகோடுகளுடன் இடுங்கள்.) ‘செக்’ என்று தொடங்குவது தலைமைத் திறப்பின் வரி, ‘எஸ்எஸ்பி’ என்று தொடங்குவது துணைத் திறப்பின் வரி. ஒவ்வொரு வரியின் கடைசிப் பக்கத்திலும் சதுர அடைப்புக்குறிக்குள் சில எழுத்துகள் இருக்கும்: ‘சி’ என்றால் அத்தாட்சிப்படுத்தல், ‘எஸ்’ என்றால் ஒப்பமிடல், ‘ஈ’ என்றால் மறைகுறியாக்கம், ‘ஏ’ என்றால் வேறொரு கணினிக்குள் நுழையும்போது அடையாளத்தை நிரூபித்தல். தலைமை வரியில் ‘எஸ்சி’, அதன் கீழ் ஒரேயொரு துணை வரி, அதில் ‘ஈ’ மட்டும் என்று இருந்தால் என் ஊகம் சரி. ஒப்பமிடும் அதிகாரம் முழுவதும் தலைமைத் திறப்பிடமே இருக்கிறது. அதை நீங்கள் அலுவலகத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இந்த அமைப்பு உங்கள் தெரிவு அல்ல. நீங்கள் எதையும் மாற்றாமல் ‘சரி, சரி’ என்று சொல்லிக்கொண்டு போனால் ஜிபிஜி உருவாக்கித் தருவது இதைத்தான். அதற்கு ஒரு வரலாறும் உண்டு. பில் சிம்மர்மன் 1991 இல் வெளியிட்ட பிஜிபி என்ற மறைகுறியாக்க மென்பொருளில் ஆர்எஸ்ஏ முறையிலான திறப்பு ஒன்றே ஒப்பமிடவும் மறைகுறியாக்கவும் போதுமாக இருந்தது. பின்னர் டிஎஸ்ஏ என்ற முறை வந்தது. அதனால் ஒப்பமிட மட்டுமே முடியும், மறைகுறியாக்க முடியாது. ஆகவே எல்கமால் என்ற இன்னொரு திறப்பை அதனோடு பிணைத்து வைக்க வேண்டியதாயிற்று. தலைமையும் துணையும் என்ற இந்தக் கட்டமைப்பு 1998 இல் ஓபன்பிஜிபி தரநிலையில் பதிவாகி, 1999 இல் வேர்னர் கோக் வெளியிட்ட ஜிபிஜியின் 1.0 பதிப்பிலும் வந்தது. இன்றைய ஜிபிஜி இயல்பாகத் தருவது நீள்வளையக் கணிதத்தில் அமைந்த திறப்புகளை. ஆனால் ‘தலைமை ஒப்பமிடும், துணை மறைகுறியாக்கும்’ என்ற பழைய பங்கீடு அப்படியே தொடர்கிறது. ஒரே கணினியில் வேலை செய்பவருக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. இரண்டாவது கணினி வந்ததும்தான் இது காலை வாருகிறது.

தலைமைத் திறப்புக்கும் துணைத் திறப்புக்கும் கணித ரீதியில் ஏற்றத்தாழ்வு கிடையாது. இரண்டும் தனித்தனியான திறப்புச் சோடிகள். வேறுபாடு அதிகாரத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் காணிச் சொந்தக்காரர் இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பதை எண்ணிப் பாருங்கள்: அதைப் பெற்றவர் குறித்த சில காரியங்களைச் செய்யலாம், ஆனால் தத்துவத்தை எழுதவும் இரத்துச் செய்யவும் சொந்தக்காரரால்தான் முடியும். ஒவ்வொரு துணைத் திறப்பும் தலைமைத் திறப்பின் ஒப்பத்தால் அதனோடு பிணைக்கப்படுகிறது. புதிய துணைத் திறப்பைச் சேர்ப்பது, பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் சேர்ப்பது அல்லது நீக்குவது, காலாவதித் திகதியை நீட்டுவது, துணைத் திறப்பை இரத்துச் செய்வது, பிறருடைய திறப்புகளை அத்தாட்சிப்படுத்துவது ஆகிய ஐந்துக்கும் தலைமைத் திறப்பு வேண்டும். அன்றாடம் ஒப்பமிடவும் மின்னஞ்சலைத் திறந்து வாசிக்கவும் அது தேவையில்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் உங்களை அடையாளம் காணும் 40 இலக்க விரல்ரேகையும் தலைமைத் திறப்பினுடையதே. துணைத் திறப்பு களவு போனால் அதை இரத்துச் செய்து, வேறொன்றைச் சேர்த்து, அதே விரல்ரேகையோடு தொடரலாம். தலைமைத் திறப்பு களவு போனால் அந்த அடையாளத்தையே கைவிட்டு, எல்லோருக்கும் புதிதாக அறிவிக்க வேண்டியிருக்கும்.

இதை வைத்து உங்கள் நிலைமையைப் பார்த்தால், கேள்வி தலைகீழாக மாறுகிறது. தலைமைத் திறப்பை மடிக்கணினிக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கிறீர்கள். அது ஏன் அலுவலகக் கணினியில் இருக்கிறது என்று நான் கேட்பேன். அந்த இயந்திரம் உங்களுடையதல்ல. அதன் நிர்வாகி கடவுச்சொல் வேறொருவரிடம் இருக்கிறது, அதன் கோப்புகள் இரவில் எங்கோ காப்புப் பிரதியாகப் போகின்றனவா என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை, வேலையை விட்டால் அதைத் திருப்பி ஒப்படைத்துவிட்டுத்தான் வருவீர்கள். நிர்வாகிகள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை; நானே அந்த வேலையில் இருப்பவன், ஒரு நிர்வாகியால் எவ்வளவு பார்க்க முடியும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். ஆகவே என் கருத்து இது: தலைமைத் திறப்பு இரண்டு கணினிகளிலும் இருக்கத் தேவையில்லை. அது இணையத்தில் இல்லாத ஊடகம் ஒன்றில் உங்கள் வீட்டில் இருக்கட்டும். அலுவலகக் கணினியும் மடிக்கணினியும் துணைத் திறப்புகளோடு மட்டும் வேலை செய்யட்டும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தின் உருவாக்குநர்களுக்கான வழிகாட்டுதலும் இதே முறையைத்தான் விவரிக்கிறது.

வேலையைக் காப்புப் பிரதியிலிருந்து தொடங்குங்கள். அது முடியும் வரை எதையும் அழிக்க வேண்டாம். அலுவலகக் கணினியில் எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-கீஸ் என்ற கட்டளை தலைமையும் துணையும் சேர்ந்த முழுத் தொகுதியையும் ஒரு கோப்பாகத் தரும். பெயர் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் எக்ஸ்போர்ட்-சீக்ரெட்-சப்கீஸ் துணைத் திறப்புகளை மட்டுமே தரும். காப்புப் பிரதிக்கு முதலாவது வேண்டும்; இரண்டாவதை எடுத்து வைத்துக்கொண்டு காப்புப் பிரதி இருக்கிறது என்று நம்பியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தலைமைத் திறப்பு தேவைப்படும் நாளில்தான் அவர்களுக்கு விடயம் தெரியவரும். விண்டோஸில் இன்னொரு கண்ணியும் உண்டு. பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் ‘பெரியது’ என்ற கணிதக் குறியை இட்டு வெளியீட்டைக் கோப்புக்குள் திருப்பினால், விண்டோஸோடு வரும் பதிப்பு எழுத்துக் குறியாக்கத்தை மாற்றி எழுதிக் கோப்பைக் கெடுத்துவிடும். கோப்பின் பெயரை ஜிபிஜியின் அவுட்புட் என்ற விருப்பத்தோடு கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆர்மர் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் கோப்பு வாசிக்கக்கூடிய எழுத்துகளாக வரும். அது பாதுகாப்பு அல்ல. வெறும் வடிவ மாற்றம்.

முழுத் தொகுதியோடு இன்னும் இரண்டைச் சேர்த்து வையுங்கள். ஒன்று இரத்துச் சான்றிதழ், அதாவது திறப்பு இனிச் செல்லாது என்று அறிவிக்கும் கோப்பு. 2014 இல் வந்த 2.1 பதிப்பு முதல், திறப்பை உருவாக்கும்போதே ஜிபிஜி இதையும் உருவாக்கி, தன் கோப்புறைக்குள் ஓபன்பிஜிபி-ரெவொக்ஸ்.டி என்ற உபகோப்புறையில் வைக்கிறது. தற்செயலாக யாரும் அதை ஜிபிஜிக்குள் இறக்கிவிடாதபடி (இம்போர்ட் செய்துவிடாதபடி) முதற் கோடுகளுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி இடப்பட்டிருக்கும். உண்மையிலேயே பாவிக்க நேர்ந்தால் அந்தப் புள்ளியை நீக்க வேண்டும். மற்றது, நீங்கள் யார் யாருடைய திறப்பை எவ்வளவு நம்புகிறீர்கள் என்ற பதிவு. எக்ஸ்போர்ட்-ஓனர்டிரஸ்ட் அதைத் தரும். இது திறப்புக்குள் அடங்காது, தனியாகத்தான் வரும்.

இந்தக் கோப்புகளை எப்படிக் கொண்டுபோவது என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். இரகசியத் திறப்பு ஏற்றுமதியாகும்போது உங்கள் கடவுத்தொடரால், அதாவது திறப்பைக் காக்கும் நீண்ட கடவுச்சொல்லால், பூட்டப்பட்ட நிலையிலேயே வெளியே வருகிறது என்பது உண்மை. ஆகவே அதைத் தனக்குத் தானே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அனுப்பினால் உடனே உலகம் கவிழ்ந்துவிடாது. ஆனால் அந்தக் கணத்திலிருந்து உங்கள் அடையாளம் முழுவதும் அந்தக் கடவுத்தொடரின் பலத்தில் மட்டுமே நிற்கும், கோப்பின் பிரதிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. பென்டிரைவ் ஒன்றே போதும், அதிலும் பூட்டப்பட்ட பகுதி (பார்ட்டிஷன்) ஒன்றை அமைத்தால் நல்லது. இரண்டு பென்டிரைவில் இரண்டு பிரதிகளாக, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்கச் சொல்வேன்; கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று இலத்திரனியல் பொருட்களை என்ன செய்கிறது என்பது வெள்ளவத்தைக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடதாசியில் அச்சிட்டு வைப்பதும் நல்ல முறைதான். பேப்பர்கீ என்ற மென்பொருள் இரகசியப் பாகத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தரும். மீட்கும்போது பொதுத் திறப்பும் கையில் வேண்டும். ஆனால் அச்சிடத் தெருமுனைக் கொமியூனிகேஷன் கடைக்குப் போகாதீர்கள். பென்டிரைவைச் செருகியதும் கோப்பைத் தன் டெஸ்க்டொப்பில் இழுத்துப் போட்டுத்தான் அங்குள்ளவர் அச்சிடுவார், நீங்கள் வெளியேறிய பின்பும் அது அங்கேதான் கிடக்கும்.

காப்புப் பிரதி கையில் வந்த பிறகு, இல்லாத துணைத் திறப்பை உருவாக்கலாம். அலுவலகக் கணினியில் எடிட்-கீ கட்டளையை உங்கள் முழு விரல்ரேகையோடு இட்டு, வரும் கேட்புக் குறியில் ஆட்கீ என்று தட்டச்சிட்டு, ஒப்பமிட மட்டுமான வகையைத் தெரிவுசெய்து, காலாவதியைக் கொடுத்து, கடைசியில் சேவ் என்று இடுங்கள். சேவ் இடாமல் வெளியேறினால் செய்ததெல்லாம் போய்விடும். இப்போது பட்டியலில் ‘எஸ்’ என்று முடியும் புதிய ‘எஸ்எஸ்பி’ வரி தெரியும். முழுக் காப்புப் பிரதியை இன்னொரு முறை எடுங்கள், ஏனென்றால் பழையதில் இந்தத் திறப்பு இல்லை. பிறகு துணைத் திறப்புகளை மட்டும் ஏற்றுமதி செய்து, மடிக்கணினியில் இம்போர்ட் செய்யுங்கள். ஏற்கெனவே அங்கிருக்கும் பாதித் தொகுதியோடு புதியது இணைந்துகொள்ளும். 2.1 க்கு முந்திய பதிப்புகளில் இந்த இணைப்பு நடக்காது, பழையதை நீக்கிவிட்டு முழுவதையும் மறுபடி இறக்க வேண்டும். நீங்கள் இப்போதுதான் நிறுவிய உபுண்டுவில் இந்தக் கவலை இல்லை. இறக்கியதும் உங்கள் சொந்தத் திறப்பையே ‘அறியப்படாத நம்பிக்கை’ என்று காட்டினால் பதற வேண்டாம். நம்பிக்கைப் பதிவு தனியாகப் பயணிக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா. அதை இறக்குங்கள், அல்லது எடிட்-கீயில் டிரஸ்ட் என்று இட்டு உச்ச நிலையான 5 ஐத் தெரிவுசெய்யுங்கள்.

இங்கே பல வழிகாட்டிகள் தொடாத ஒரு விடயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்: துணைத் திறப்புகள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. மறைகுறியாக்கும் துணைத் திறப்பு எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கணினிக்கு ஒன்று வைத்தால் பாதுகாப்பு அல்லவா என்று தோன்றும், ஆனால் அது நடைமுறையில் உடைந்துவிடும். உங்களுக்கு எழுதுபவரின் ஜிபிஜி, உங்கள் பொதுத் திறப்பில் உள்ள செல்லுபடியாகும் மறைகுறியாக்கத் துணைத் திறப்புகளில் ஆகப் புதியதை மட்டுமே எடுத்துப் பாவிக்கும். மற்றக் கணினியில் அந்த மின்னஞ்சல் திறக்காது. ஒப்பமிடும் துணைத் திறப்பு அப்படியல்ல. அதைக் கணினிக்கு ஒன்றாக வைக்கலாம், உங்களைப் போல ஒரு கணினி அலுவலகத்துக்குச் சொந்தமாக இருப்பவருக்கு அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். வேலையை விட்டு விலகும் நாளில் அலுவலகத்தின் ஒப்பத் திறப்பை மட்டும் இரத்துச் செய்துவிட்டு, மடிக்கணினியில் எந்த மாற்றமும் இல்லாமல் தொடரலாம். அப்படிச் செய்வதானால் ஆட்கீயை இரண்டு முறை செய்து, ஏற்றுமதியின்போது குறித்த துணைத் திறப்புகளின் அடையாள எண்களை, ஒவ்வொன்றின் முடிவிலும் ஆச்சரியக்குறி இட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். அவை மட்டும் வெளியே வரும். எந்தக் கணினியில் எந்தத் திறப்பால் ஒப்பமிட வேண்டும் என்பதையும் அந்தந்தக் கணினியின் ஜிபிஜி அமைப்புக் கோப்பில் டிபோல்ட்-கீ என்ற வரியில், இதே ஆச்சரியக்குறியோடு எழுதிவைத்தால் குழப்பம் வராது.

பழைய மறைகுறியாக்கத் துணைத் திறப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். காலாவதியானாலும், இரத்துச் செய்யப்பட்டாலும், அதனால் பூட்டப்பட்ட பழைய மின்னஞ்சல்களைத் திறக்க அது ஒன்றே வழி. காலாவதி என்பது புதிதாகப் பூட்டுவதைத்தான் தடுக்கிறது, திறப்பதை அல்ல. ஒப்பத் திறப்பு தொலைந்தால் இன்னொன்றைச் சேர்த்தால் முடிந்தது. இது தொலைந்தால் போனது போனதுதான்.

மடிக்கணினியில் ஒரு சிறு கோப்பை ஒப்பமிட்டு அலுவலகக் கணினியில் சரிபாருங்கள். பழைய மின்னஞ்சல் ஒன்றையும் மடிக்கணினியில் திறந்து பாருங்கள். காப்புப் பிரதியையும் உண்மையிலேயே மீட்கக்கூடியதா என்று சோதியுங்கள். இதற்கு டெயில்ஸ் என்ற இயங்குதளம் வசதியானது: பென்டிரைவிலிருந்து இயங்கும், வன்தட்டைத் தொடாது, ஜிபிஜி அதிலேயே இருக்கிறது. இணையத்தை இணைக்காமல் அதைத் தொடக்கி, முழுத் தொகுதியை இறக்கி, பட்டியலில் ‘செக்’ வரியில் ஹாஷ் குறி இல்லாததைக் கண்ணால் கண்டால் காப்புப் பிரதி நல்லது. அதன் பிறகுதான் அலுவலகக் கணினியிலிருந்து தலைமைத் திறப்பை நீக்க வேண்டும். பட்டியல் கட்டளையோடு வித்-கீகிரிப் என்பதைச் சேர்த்தால் ஒவ்வொரு திறப்பின் கீழும் 40 இலக்க எண் ஒன்று தெரியும், பிரைவேட்-கீஸ்-வி1.டி என்ற உபகோப்புறையில் அதே எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புகள் இருக்கும். ‘செக்’ வரிக்குக் கீழுள்ள எண்ணின் கோப்பு எதுவோ, அதை மட்டும் அழியுங்கள். மறுபடி பட்டியலைப் பார்த்தால் உங்களைப் பயமுறுத்திய அந்த ஹாஷ் குறி இங்கேயும் வந்திருக்கும். இந்த முறை வரவேண்டியதே அதுதான்.

அழித்தால் அழிந்துவிடுமா என்பதில் நான் உறுதி தர மாட்டேன். திண்மநிலை வட்டுகளிலும் பென்டிரைவுகளிலும் பழைய தரவு எந்தக் கலத்தில் எவ்வளவு காலம் கிடக்கும் என்பது வட்டின் உள்நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. மேலெழுதி அழிக்கும் மென்பொருள்கள் அங்கே முழுமையாக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. அலுவலகத்தின் காப்புப் பிரதிகளுக்குள் ஏற்கெனவே போயிருந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எஞ்சியிருக்கும் பிரதிக்குக் கடவுத்தொடர் காவல் இருக்கிறது. அது நீளமானதும் வேறெங்கும் பாவிக்காததுமாக இருந்தால், சாதாரண மொழிபெயர்ப்பு வேலைக்கு அது போதும் என்பது என் மதிப்பீடு. ஆனால் உங்களுக்கு வரும் ஆவணங்களில் யாருடையதாவது உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்தான பெயர்கள் இருக்குமானால், இந்த மதிப்பீட்டை நம்ப வேண்டாம். டெயில்ஸில் புதிய தலைமைத் திறப்பை உருவாக்கி, பழையதன் ஒப்பத்தோடு வாடிக்கையாளருக்கு அறிவித்து, பின்னர் பழையதை இரத்துச் செய்யுங்கள். பிறர் கையில் உள்ள இயந்திரத்தில் ஒரு முறை வாழ்ந்த திறப்பை முற்றாகச் சுத்தமாக்கும் வழி எனக்குத் தெரிந்தவரை கிடையாது.

இனி மடிக்கணினி 100 ஆம் இலக்க பஸ்ஸில் தொலைந்துபோனால் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கடவுத்தொடர் ஒவ்வொரு பிரதிக்கும் தனியானது என்பதை முதலில் மனதில் வையுங்கள்: மடிக்கணினியில் மாற்றினால் அலுவலகத்திலோ பென்டிரைவிலோ அது மாறாது. உபுண்டுவை நிறுவும்போது முழு வட்டையும் மறைகுறியாக்கும் தெரிவை எடுத்திருந்தால், கணினி அணைந்த நிலையில் தொலைந்தது பெரும் நட்டம் அல்ல. எடுக்காமல் விட்டிருந்தால், அண்மையில்தான் நிறுவியது என்பதால் இப்போதே மறுபடி நிறுவிவிடுவது நல்லது. தொலைந்துவிட்டால், வீட்டிலிருக்கும் தலைமைத் திறப்பை டெயில்ஸில் இறக்கி, எடிட்-கீயில் குறித்த துணைத் திறப்பைத் தெரிவுசெய்து, ரெவ்கீ என்று இட்டு இரத்துச் செய்து, திருத்திய பொதுத் திறப்பை எல்லோருக்கும் அனுப்புங்கள். எடுத்தவர் உங்கள் பெயரில் புதிதாக ஒப்பமிடுவதையும், பிறர் அந்தத் திறப்புக்குப் புதிதாக எழுதுவதையும் இது நிறுத்தும். ஏற்கெனவே அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களை இது காப்பாற்றாது. மறைகுறியாக்கத் திறப்பும் கடவுத்தொடரும் ஒருவர் கையில் சிக்கினால், அவர் சேர்த்து வைத்திருக்கும் பழைய மின்னஞ்சல்கள் எல்லாம் திறக்கும். ஓபன்பிஜிபி மின்னஞ்சலின் அமைப்பு அப்படி.

காலாவதியை நீட்டும் வேலை இதைவிட இலகுவானது, ஆனாலும் பலர் அதைத் தேவையில்லாமல் சிக்கலாக்குகிறார்கள். தலைமைத் திறப்பை டெயில்ஸில் இறக்கித் திகதியை நீட்டிய பிறகு, இரகசியப் பாகம் எதையும் எந்தக் கணினிக்கும் மறுபடி கொண்டுபோக வேண்டியதில்லை. திகதி பொதுத் திறப்பில் உள்ள பிணைப்பு ஒப்பத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பொதுத் திறப்பை மட்டும் ஏற்றுமதி செய்து இரண்டு கணினிகளிலும் இறக்கினால் போதும். எவ்வளவு காலம் வைப்பது என்பதற்கு நியதி இல்லை. துணைத் திறப்புகளுக்கு ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகள் வைக்கச் சொல்வேன், ஏனெனில் காப்புப் பிரதி இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க அதுவே உங்களைக் கட்டாயப்படுத்தும்.

நீங்கள் மின்னஞ்சலுக்கு எதைப் பாவிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. தண்டர்பேர்ட் என்றால் மேலே சொன்னவற்றோடு ஒரு படி கூடுதலாகச் செய்ய வேண்டும். 2020 இல் வந்த 78 ஆம் பதிப்பு முதல் அது திறப்புகளைத் தன் சொந்தக் களஞ்சியத்தில் வைக்கிறது. ஜிபிஜியில் இறக்கியது அதற்குத் தெரியாது, அதன் திறப்பு மேலாளரில் தனியாக இறக்க வேண்டும். அதோடு, தண்டர்பேர்டின் பிரதான கடவுச்சொல்லை அமைக்காமல் விட்டால், இயல்புநிலையில், உங்கள் கணக்குக்குள் நுழைந்த எவரும் கடவுத்தொடர் கேட்கப்படாமலேயே மின்னஞ்சலைத் திறக்கலாம். தலைமைத் திறப்பு இல்லாத தொகுதியை அடையாளம் காட்டும் அந்த வெற்றுப் பதிவு ஜிபிஜியின் சொந்த ஏற்பாடு, தரநிலையில் உள்ளதல்ல. ஆகவே வேறு சில மென்பொருள்கள், கைபேசிச் செயலிகள் உட்பட, அத்தகைய கோப்பை ஏற்க மறுக்கலாம். மறுத்தால், முழுத் தொகுதியைக் கொடுத்துவிடுவோம் என்ற சபலம் வரும். கொடுக்காதீர்கள், வேறு மென்பொருளைத் தேடுங்கள்.

இவ்வளவுக்குப் பதிலாக ஜிபிஜியின் கோப்புறையை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம் என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஒரே இயங்குதளம், ஒத்த பதிப்பு என்றால் அது வேலை செய்யும்; ஆனால் அதற்குள் தலைமைத் திறப்பும் சேர்ந்தே போகிறது, உங்களுக்கு வேண்டாதது அதுவே. லினக்ஸில் அந்தக் கோப்புறை உங்களால் மட்டும் வாசிக்கக்கூடியதாக, 700 என்ற அனுமதியோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதுகாப்பற்ற அனுமதி என்று ஜிபிஜி ஒவ்வொரு முறையும் எச்சரிக்கும்.

கடைசி வேலை வாடிக்கையாளர்களோடு சம்பந்தப்பட்டது. புதிய ஒப்பத் துணைத் திறப்பைப் பற்றி அவர்களிடம் உள்ள பழைய பொதுத் திறப்புக்கு எதுவும் தெரியாது. திருத்திய பொதுத் திறப்பைக் கொடுக்காமல் ஒப்பமிட்டு அனுப்பினால், ஒப்பத்தைச் சரிபார்க்கத் திறப்பு இல்லை என்றுதான் அவர்கள் திரையில் வரும், நீங்கள் பழுதென்று பயந்ததைப் போல அவர்களும் பயப்படுவார்கள். அதை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பலாம், அல்லது பொதுத் திறப்புகளைத் தேடிப் பெற உதவும் கீஸ்.ஓபன்பிஜிபி.ஓர்க் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து வரும் மடலில் உங்கள் முகவரியை உறுதிப்படுத்தலாம். உறுதிப்படுத்தும் வரை அந்த முகவரியை வைத்துத் தேடுபவருக்கு உங்கள் திறப்பு கிடைக்காது. விரல்ரேகை மாறவில்லை என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள், அதை ஏற்கெனவே சரிபார்த்தவர்கள் மறுபடி சரிபார்க்கத் தேவையில்லை. அலுவலகக் கணினியின் பட்டியலை முழுமையாக எழுதினால், எண்களை மறைத்துவிட்டு, ஒவ்வொரு வரியின் அடைப்புக்குறிக்குள் உள்ள எழுத்துகளை மட்டும் தந்தாலும் போதும், என் முதல் ஊகம் சரியா என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.